கொடிவழி கணினிக்குள் போகும்போது: வாசகர் கேள்வி பதில்

போன இதழில், குடும்ப மரம் வரைய கிராம்ப்ஸ் என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது என்று போகிற போக்கில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளைப் பார்த்தால் பெங்களூர்த் தமிழர் வீடுகளில் பாதியில் ஒரு வம்சாவளி நோட்டு பரணில் கிடக்கிறது போலிருக்கிறது, மீதிப் பாதியில் அதைக் கணினியில் ஏற்றித் தருகிறேன் என்று ஆரம்பித்து விட்டுவிட்ட ஓர் இன்ஜினியர் இருக்கிறார். குடும்ப விவகாரம் என்பதால் கேட்டவர்களின் பெயரை விட்டுவிட்டு ஏரியாவை மட்டும் போட்டிருக்கிறேன். கோப்பில் வரும் குறிச்சொற்கள் நிஜத்தில் ஆங்கிலப் பெரிய எழுத்துகள். இங்கே உச்சரிப்பை மட்டும் தருகிறேன்.

அல்சூர் வாசகி: அப்பா எழுதிவைத்த நோட்டில் ஐந்து தலைமுறை இருக்கிறது. அக்கா பையன் "ஜெட்காம் ஃபைலா போட்டுடலாம் சித்தி" என்கிறான். எக்செல் போதாதா?

பெயரும் பிறந்த தேதியும் மட்டும் என்றால் போதும். ஒருவருக்கு இரண்டு கல்யாணம், மூத்தாள் பிள்ளைகள், இளையாள் பிள்ளைகள், நடுவில் ஒரு தத்து என்று வந்ததுமே எக்செல் கையை விரித்துவிடும்.

ஜெட்காம் என்பது 1984-ல் அமெரிக்காவின் மார்மன் திருச்சபை தன் குடும்ப வரலாற்றுத் துறைக்காக உருவாக்கிய கோப்பு வடிவம். ஒரு மென்பொருளில் ஏற்றியதை இன்னொன்றுக்கு எடுத்துப்போக வேண்டும் என்பதுதான் நோக்கம். உள்ளே வெறும் எழுத்து, நோட்பேடில் திறந்து படிக்கலாம். இப்படி இருக்கும்:

0 @ஐ7@ இண்டி
1 நேம் மரகதம்
1 பர்த்
2 டேட் ஏபிடி 1931
2 ப்ளாக் ஆரணி, வட ஆற்காடு, சென்னை மாகாணம்
1 ஃபாம்சி @எஃப்3@

முதலில் இருக்கும் எண் படிநிலை. பூஜ்யம் என்றால் புதிய பதிவு, இங்கே ஓர் ஆள், ஒன்று என்றால் அவரைப் பற்றிய சேதி, இரண்டு என்றால் அந்தச் சேதியைப் பற்றிய சேதி. ப்ளாக் என்றால் ஊர், ஏபிடி என்றால் சுமாராக. கடைசி வரி, இந்த மரகதம் மூன்றாம் எண் குடும்பத்தின் பிள்ளை என்கிறது. குடும்பத்துக்குத் தனிப் பதிவு உண்டு, கணவன், மனைவி, பிள்ளைகள் எல்லாரும் அதில் வருவார்கள். ஆளிலிருந்து குடும்பத்துக்கும் குடும்பத்திலிருந்து ஆளுக்கும் இரண்டு பக்கமும் முடிச்சு போட்டிருக்கும். அக்கா பையன் சொல்வது சரி. ஒன்று மட்டும் அவனிடம் சொல்லுங்கள்: நோட்டை ஆதாரமாகக் காட்டி, எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தான் என்பதை ஒவ்வொரு ஆளுக்கும் போடச் சொல்லுங்கள், அதற்கு சோர் என்று ஒரு குறிச்சொல்லும் அதன் கீழே பேஜ் என்று இன்னொன்றும் இருக்கின்றன. பிறகு சண்டை வராது, வந்தாலும் பக்கத்தைத் திறந்து காட்டலாம்.

மாரத்தஹள்ளி வாசகர்: நான் டெவலப்பர்தான். பெரியப்பா தந்த ஜெட்காம் கோப்பைப் படித்து, திருத்தி, திரும்ப எழுதப் பைத்தான் நிரல்மொழியில் லைப்ரரி (யாரோ எழுதிவைத்த ஆயத்த நிரல் தொகுப்பு) தேடுகிறேன். நிறைய இருக்கின்றன, எதை எடுப்பது?

இணையத்தில் மற்ற டெவலப்பர்கள் போட்ட ஸ்டார் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், தான் புரிந்துகொள்ளாத வரியை அந்த லைப்ரரி என்ன செய்கிறது என்று பாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

இவற்றில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, கோப்பை அப்படியே எண், குறிச்சொல், மதிப்பு என்று ஒரு மரமாக எடுத்துக்கொள்ளும். குலதெய்வம் என்று இருந்தாலும் சரி, ஏதோ ஒரு கம்பெனி தன் வசதிக்கு அடிக்கோட்டில் தொடங்கும் குறிச்சொல் ஒன்றை நுழைத்திருந்தாலும் சரி, அர்த்தம் தெரியாமலே பத்திரமாக வைத்திருந்து எழுதும்போது திருப்பித் தந்துவிடும். இன்னொன்று, ஆள், குடும்பம், நிகழ்வு என்று வகுப்புகளை, அதாவது சேதி போடும் அச்சுகளை, முன்கூட்டியே செய்துவைத்திருக்கும், ஆள்.பிறந்ததேதி என்று எழுதினால் வந்து நிற்கும், வேலை சுகம், ஆனால் அந்த வகுப்பில் இடமில்லாத சேதியைப் பல லைப்ரரிகள் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். படிக்கும்போது பிழைச்செய்தி வராது. திரையில் எல்லாம் சரியாகத் தெரியும். எழுதி முடித்து, பழைய கோப்பை அழித்து, ஆறு மாதம் கழித்து அத்தை "எங்க மாமனார் நட்சத்திரம் போட்டிருந்தோமே, எங்கே?" என்று கேட்கும்போதுதான் தெரியும்.

அதனால் எந்த லைப்ரரியாக இருந்தாலும் முதல் வேலை இதுதான்: பெரியப்பாவின் கோப்பைப் படியுங்கள், ஒரு எழுத்தும் மாற்றாமல் வேறு பெயரில் எழுதுங்கள், இரண்டையும் டிஃப் போட்டு, அதாவது வரிக்கு வரி ஒப்பிட்டு வித்தியாசம் காட்டும் கருவியில் போட்டுப் பாருங்கள். வரிசை கொஞ்சம் மாறலாம், @ஐ7@ போன்ற அடையாள எண்கள் மாறினாலும் குடி முழுகாது, அவை அந்தக் கோப்புக்குள் மட்டும் செல்லுபடியாகும் எண்கள்தாம். ஆனால் வரி குறைந்தால் அந்த லைப்ரரியைப் படிக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், எழுதக் கொடுக்காதீர்கள்.

பெயர் சொல்லிக் கேட்டால்: ஜெட்4பை என்பது படிக்க மட்டும், அதைச் செம்மையாகச் செய்யும், பழைய எழுத்துக் குறியீடுகளையும் சமாளிக்கும். பைத்தான்-ஜெட்காம் முதல் ஜாதி, படிக்கவும் சேமிக்கவும் செய்யும். கோப்பு இலக்கணம் தப்பியிருந்தால் கண்டிப்பு நிலையில் பிழை காட்டி நின்றுவிடும், அதை அணைத்தும் படிக்கலாம். நம் ஊர்க் கோப்புகளுக்குப் பெரும்பாலும் அணைக்க வேண்டியிருக்கும், ஏனென்றால் யாராவது நோட்பேடில் திறந்து குறிப்புக்கு நடுவில் எண்டர் தட்டியிருப்பார்கள். அதன் உரிமம் ஜிபிஎல், அதை வைத்துச் செய்ததை வெளியிட்டால் மூல நிரலையும் திறந்து கொடுக்கச் சொல்லும், ஆகவே மூடிய ஆப்பாக வெளியிடும் எண்ணம் இருந்தால் முதலிலேயே யோசியுங்கள். ஜாவாக்காரர்களுக்கு ஜெட்காம்4ஜே இருக்கிறது, கோப்பைச் சரிபார்த்துக் குற்றம் சொல்லவும் செய்யும். இணையத்தில் குடும்பமாகச் சேர்ந்து பார்க்க வேண்டும் என்றால் லைப்ரரியே வேண்டாம், வெப்ட்ரீஸை ஒரு சர்வரில் போட்டுக்கொள்ளுங்கள், அது பிஎச்பியில் எழுதியது, மாதம் சில நூறு ரூபாய் ஹோஸ்டிங்கிலும் ஓடும்.

நானே பார்சர் (கோப்பைப் பிரித்துப் படிக்கும் நிரல்) எழுதிவிடுகிறேன் என்று உங்களுக்குத் தோன்றும், எல்லா டெவலப்பருக்கும் தோன்றும். எழுதலாம், ஒரு மத்தியான வேலை. அடுத்த கேள்வியைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கம்மனஹள்ளி வாசகர்: தமிழில் அடித்துச் சேமித்தேன். மச்சான் வீட்டு மென்பொருளில் திறந்தால் ஒரே கேள்விக்குறி. இன்னொன்றில் பெயர் வருகிறது, ஆனால் நீளமான குறிப்புகளில் நடுநடுவே எழுத்து உடைந்திருக்கிறது. ஏன்?

உங்களுக்கு இரண்டு வியாதி.

கேள்விக்குறி, எழுத்துக் குறியீட்டுக் கோளாறு. 1990-களின் ஜெட்காம் 5.5-ஆம் பதிப்பு ஆன்செல் என்ற குறியீட்டை நம்பி நின்றது, அது நூலகங்களுக்காக வந்த ஒன்று, ஐரோப்பிய எழுத்துகளுக்கு மேலே கீழே புள்ளியும் கோடும் போட வசதி, தமிழுக்கு அதில் இடமே இல்லை. 1999-ல் வரைவாக வந்த 5.5.1-ல்தான், தமிழுக்கும் இடம் தரும் யுடிஎஃப்-8 குறியீடு சேர்ந்தது. அந்த வரைவை இறுதி என்று அறிவித்ததே 2019-ல், அதுவரை இருபது வருஷம் எல்லாரும் வரைவை வைத்தே காலம் தள்ளினார்கள்! கோப்பின் தலைப்பகுதியில் சார் என்று ஒரு வரி இருக்கும், அதில் யுடிஎஃப்-8 என்று இருக்கிறதா பாருங்கள். அங்கே ஆன்செல் என்று போட்டுவிட்டு உள்ளே யுடிஎஃப்-8 எழுதும் மென்பொருள்களும் உண்டு. படிக்கிற லைப்ரரி தலைப்பை நம்பினால் தமிழ் போச்சு.

உடைந்த எழுத்து வேறு கதை. பழைய விதிப்படி ஒரு வரி 255 எழுத்துக்கு மேல் போகக்கூடாது, போனால் வெட்டி, கான்க் என்ற குறிச்சொல்லோடு அடுத்த வரியில் தொடர வேண்டும். யுடிஎஃப்-8-ல் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் (கணினி சேமிக்கும் அலகு). "க்" என்பது ககரமும் புள்ளியுமாக இரண்டு குறி, ஆறு பைட். எழுத்தை எண்ணாமல் பைட்டை எண்ணி வெட்டுகிற மென்பொருள் 255-வது பைட்டில் கத்தி வைக்கும்போது ஒரு குறியின் இரண்டு பைட் இந்தப் பக்கம், ஒரு பைட் அந்தப் பக்கம் என்று ஆகிவிடும். வரி வரியாக எழுத்தாக மாற்றும் லைப்ரரிக்கு இரண்டு பக்கமும் குப்பைதான். முதலில் பைட்டுகளாகவே ஒட்டிவிட்டுப் பிறகு எழுத்தாக்கும் லைப்ரரி தப்பிக்கும். வாங்கும் கோப்பு எப்படி வரும் என்பது நம் கையில் இல்லை, எழுதும் கோப்பாவது ஒழுங்காக இருக்கட்டும்: நீங்கள் எழுதும்போது சொல்லின் நடுவே, ஆனால் முழு எழுத்தின் எல்லையில் வெட்டுங்கள். இடைவெளியில் வெட்டக்கூடாது, வரி முனையில் உள்ள இடைவெளியைச் சில மென்பொருள்கள் துடைத்துவிடும், இரண்டு சொல் ஒட்டிக்கொள்ளும்.

இதோடு ஒன்று, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். "கொ" என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ககரத்தோடு ஒகரக் குறி ஒன்று, அல்லது ககரம், எகரக் குறி, கால் என்று தனித்தனியாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு வேறு வேறு. கொளஞ்சியப்பன் என்று தேடினால் பாதி கொளஞ்சியப்பன்கள்தான் அகப்படுவார்கள். படித்தவுடன் எல்லாவற்றையும் என்எஃப்சி என்ற ஒரே சீரான வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள், பைத்தானில் யூனிகோட்டேட்டா என்ற தொகுதி கூடவே வருகிறது. பழைய டிஸ்கி, பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பு என்றால் முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிட்டு வாருங்கள், இந்த லைப்ரரிகள் அதைத் தொடாது.

ஜெயநகர் வாசகி: எங்கள் வீட்டில் யாருக்கும் சர்நேம் கிடையாது, இன்ஷியல்தான். மென்பொருள் சர்நேம் கேட்டு உயிரை வாங்குகிறது. அப்பா பெயரைப் போடலாமா?

போடாதீர்கள். பாஸ்போர்ட்டுக்கும் பள்ளிக்கூட அட்மிஷனுக்கும் பயந்து அப்பா பெயரை சர்நேமாக எழுதிப் பழகிவிட்டோம், ஆனால் வம்சாவளியில் அப்படிப் போட்டால் தலைமுறைக்கு ஒரு சர்நேம் மாறும், மென்பொருள் அதை வைத்து வரிசைப்படுத்தி அண்ணன் தம்பிகளை ஒரு மூலையிலும் அவர்கள் அப்பாவை வேறு மூலையிலும் உட்கார வைக்கும். ஜெட்காமில் சர்நேம் என்பது பெயர் வரியில் இரண்டு சாய்கோடுகளுக்கு நடுவே வருவது. சாய்கோடு இல்லாமலும் பெயர் எழுதலாம், விதி அதை அனுமதிக்கிறது. கேட்டு அடம் பிடிப்பது மென்பொருளின் திரைதான், கோப்பு அல்ல. லைப்ரரி வழியாக எழுதுகிறவர்கள் சர்நேம் காலியாக வந்தால் நிரல் விழாமல் இருக்கிறதா என்று முதல் நாளே சோதித்துக்கொள்ள வேண்டும். மேல்நாட்டு உதாரணக் கோப்புகளில் எல்லாருக்கும் சர்நேம் இருப்பதால் அங்கே இந்தக் குறை வெளியே தெரியாது.

பேரப்பிள்ளைகள் கன்னடமும் ஆங்கிலமும்தான் படிப்பார்கள் என்று கடிதத்தின் அடியில் எழுதியிருந்தீர்கள். ஒரு ஆளுக்கு எத்தனை பெயர் வரி வேண்டுமானாலும் போடலாம், முதலில் இருப்பது முதன்மை. 2021-ல் வந்த 7.0-ல் இன்னும் வசதி, பெயருக்கு அடியிலேயே ட்ரான் என்ற குறிச்சொல்லோடு கன்னட வடிவம், ஆங்கில வடிவம் என்று மொழி குறித்து அடுக்கலாம்.

ஒரு வேடிக்கை: சர்நேம் இல்லாதவனுக்குத் தடுமாறுகிற இந்த வடிவத்தில் காஸ்ட் என்று சாதிக்கு ஒரு குறிச்சொல் தயாராக இருக்கிறது. என்னைக் கேட்டால் அதைக் காலியாகவே விடுங்கள். குலதெய்வம், நட்சத்திரம் எல்லாம் எழுத ஃபாக்ட் என்ற பொதுவான குறிச்சொல்லும் அதற்குக் கீழே டைப் என்பதும் போதும், புதிதாகக் குறிச்சொல் கண்டுபிடிக்க வேண்டாம்.

ஸ்ரீராமபுரம் வாசகர்: என் பாட்டி (அப்பாவின் அம்மா) சொந்தத் தாய்மாமாவைக் கட்டிக்கொண்டவர். நான் எழுதிய நிரல் அந்த இடத்தில் சுற்றிக்கொண்டே இருக்கிறது, நிற்கவே இல்லை. ஜெட்காமில் இதை எழுத முடியாதா?

தாராளமாக முடியும். கோப்பில் பிரச்சினை இல்லை, உங்கள் நிரல் மனதில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தை வைத்துக்கொண்டிருக்கிறது.

பாட்டியின் அம்மாவும் தாத்தாவும் உடன்பிறந்தவர்கள், இல்லையா? அப்படியானால் அவர்கள் இருவரையும் பெற்ற தம்பதி, உங்கள் அப்பாவுக்கு அப்பாவழியில் தாத்தா பாட்டி, அம்மாவழியில் கொள்ளுத் தாத்தா கொள்ளுப் பாட்டி. ஒரே ஆட்கள் இரண்டு தலைமுறையில். நீங்கள் ஒவ்வொரு ஆளுக்கும் தலைமுறை எண் என்று ஒரு கட்டம் வைத்து நிரப்பியிருந்தால் ஒரு முறை 2 என்று எழுதும், அடுத்த வழியில் வந்து 3 என்று மாற்றும், மறுபடி 2 ஆகும். பெற்றோர், துணை, பிள்ளை என்று எல்லாப் பக்கமும் போகிற நிரல், போன இடத்தைக் குறித்துவைக்காவிட்டால் இந்த வளையத்தில் மாட்டிக்கொண்டு சுற்றும். பார்த்த ஆட்களின் அடையாள எண்ணை ஒரு தொகுப்பில் போட்டுக்கொண்டே போங்கள், தலைமுறையை ஆளோடு சேர்த்து எழுதாமல் யாரிடமிருந்து யாருக்கு என்ற வழியை வைத்துக் கணக்கிடுங்கள். படத்தில் வரையும்போது அந்தத் தம்பதி இரண்டு இடத்தில் வரட்டும், இரண்டாவது இடத்தில் "முன்பே வந்தவர்" என்று ஒரு குறி போதும். கோடு இழுத்து இணைக்கப் பார்த்தால் நம் குடும்பங்களில் படம் நூல்கண்டு ஆகிவிடும்.

முறை கண்டுபிடிக்கும் நிரலும் எழுதுகிறேன் என்கிறீர்கள், நல்லது. மேல்நாட்டு மென்பொருள் மாமா மகளையும் பெரியப்பா மகளையும் கசின் என்று ஒரே வாயால் சொல்லிவிடும், நம் வீட்டில் ஒருத்தி கட்டிக்கிற முறை, இன்னொருத்தி தங்கச்சி. கிராம்ப்ஸில் உறவுக்கணக்கு மொழிக்கு ஒரு நிரலாகப் பிரித்து எழுதியிருக்கிறார்கள், அதைப் படித்துப் பாருங்கள். பெரியப்பாவா சித்தப்பாவா என்று சொல்ல யார் மூத்தவர் என்று தெரிய வேண்டும், பழைய ஆட்களுக்குப் பிறந்த தேதி எங்கே இருக்கிறது? அதற்கும் வழி உண்டு: குடும்பப் பதிவில் பிள்ளைகளைப் பிறந்த வரிசையில் எழுதுவதே நல்லது என்கிறது 5.5 விதி. ஆகவே நோட்டில் உள்ள வரிசையை அப்படியே ஏற்றுங்கள். பிள்ளைகளை அகரவரிசையில் அடுக்கித் திருப்பி எழுதுகிற லைப்ரரி கையில் கிடைத்தால், ஒரு வரியும் குறையாமலே பெரியப்பாக்கள் எல்லாரும் சித்தப்பா ஆகிவிடுவார்கள். டிஃப் போடும்போது இதையும் பாருங்கள்.

மாரிக்குப்பத்திலிருந்து ரயிலேறி பெங்களூர் வேலைக்கு வரும் வாசகர்: தாத்தா தங்கச்சுரங்கத்தில் இருந்தவர். அவர் எழுதிய குறிப்பில் "சித்திரபானு வருஷம் ஆடி மாதம்" என்று அத்தை பிறந்த தேதி இருக்கிறது. எப்படி ஏற்றுவது? ஊர் எப்படி எழுதுவது?

சித்திரபானு அறுபது வருஷச் சுற்றில் பதினாறாவது, 1942-43 ஒன்று, 1882-83 ஒன்று, 2002-03 ஒன்று. அத்தைக்கு 1942-தான் பொருந்தும். ஜெட்காம் தனக்குத் தெரிந்த நாட்காட்டிகள் என்று வைத்திருப்பவை கிரிகோரியன், ஜூலியன், எபிரேயம், பிரெஞ்சுப் புரட்சி நாட்காட்டி. தமிழ் வருஷம் கிடையாது. ஆகவே "பெட் 16 ஜூல் 1942 ஆண்ட் 16 ஆக் 1942" என்று, அதாவது இந்தத் தேதிக்கும் அந்தத் தேதிக்கும் நடுவே என்று எழுதுங்கள். மாதம் எப்போதும் ஆங்கில மூன்றெழுத்துதான், ஆகஸ்ட் என்று தமிழில் எழுதினால் லைப்ரரி தேதியாக எடுத்துக்கொள்ளாது. தாத்தா எழுதிய சொற்களையும் விடக்கூடாது: 5.5.1-ல் இண்ட் என்று தொடங்கும் தேதிக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் மூல வாசகத்தை எழுதலாம், ஆனால் அங்கே ஒரே தேதிக்குத்தான் இடம், உங்களுக்கு வேண்டியது வரம்பு, அதனால் குறிப்பாக எழுதிவிடுங்கள். 7.0-ல் ஃப்ரேஸ் என்று தனி இடமே இருக்கிறது, வரம்போடும் ஒத்துப்போகும்.

ஊரை அந்தக் காலத்துப் பெயரிலேயே எழுதுங்கள். 1942-ல் தங்கவயல் மைசூர் சமஸ்தானம், கர்நாடகம் என்ற பெயர் வந்தது 1973-ல். இங்கே அல்சூர், சிவாஜிநகர்க்காரர்களுக்கும் இதே கதைதான்: 1947 ஜூலைக்கு முன் பிறந்தவர்களின் காகிதத்தில் சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷன் என்று இருக்கும், கன்டோன்மென்ட் அதுவரை மைசூரிடம் இல்லை, பிரிட்டிஷார் கையில் இருந்தது. இன்றைய பெயரைப் போட்டுத் திருத்தினால் பழைய பதிவேட்டில் தேடுகிறவருக்கு வழி அடைபடும். இன்றைக்கு எங்கே என்று காட்ட அட்சரேகை தீர்க்கரேகை சேர்த்துவிடுங்கள், 5.5.1-லேயே அதற்கு இடம் இருக்கிறது.

எச்.எஸ்.ஆர். லேஅவுட் வாசகி: முழுக் கோப்பையும் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டேன். தப்பா?

உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதி, அம்மாவின் பெயர், தாய்வீட்டு ஊர் எல்லாம் அதில் இருக்கும், வங்கியில் நீங்கள்தானா என்று சரிபார்க்கக் கேட்பதும் அதையேதான். 2023-ன் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொந்த, வீட்டு உபயோகத்துக்கு விலக்கு தருகிறது, வழக்கு வரும் என்று பயப்பட வேண்டாம், ஆனால் குரூப்பில் இருநூறு பேர் என்றால் அது வீடா என்பதை நீங்களே சொல்லுங்கள். ரெசன் என்று ஒரு குறிச்சொல் இருக்கிறது, "ரகசியம்" என்று குறிக்கலாம், ஆனால் அது பூட்டு அல்ல, வெறும் குறிப்பு. நோட்பேடில் திறந்தால் எல்லாம் தெரியும். முக்கியமாக ஒரு தத்துப்பிள்ளை தனக்கே தெரியாமல் உங்கள் கோப்பில் "தத்து" என்று நிற்கக்கூடாது. இறப்பு வரி இல்லாத, நூறு வயதுக்குள் இருக்கக்கூடிய எல்லாரையும் பெயரும் உறவும் மட்டும் வைத்து வெட்டிய ஒரு பிரதியை அனுப்புங்கள், எந்த லைப்ரரியிலும் இருபது வரி நிரல். குரூப்பில் போட்ட பழையதை இன்றே எல்லாருக்கும் சேர்த்து அழியுங்கள்.

பானஸ்வாடி வாசகர்: 5.5.1-ஆ, 7.0-ஆ? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

வாங்கும்போதும் கொடுக்கும்போதும் 5.5.1, ஏனென்றால் மற்றவர்களிடம் இருப்பது பெரும்பாலும் அதுதான். உங்களுக்கென்று வைத்துக்கொள்ள, உங்கள் மென்பொருள் ஒத்துக்கொண்டால் 7.0: யுடிஎஃப்-8 தவிர வேறு குறியீடு கிடையாது, கான்க் ஒழிந்தது, கம்மனஹள்ளிக்காரரின் உடைந்த எழுத்து வியாதி வராது, புகைப்படங்களையும் சேர்த்து ஒரே ஜிப் பொட்டலமாகக் கட்டலாம். ஒரே வார்த்தையில் சொல்ல முடியவில்லை, மன்னிக்கவும்.